கற்பிக்கப் போய்க் கற்று வந்தவர்

சென்ற சனிக்கிழமை பிற்பகல் களனிப் பக்கத்தில் நல்ல மழை. ஆற்றுக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு மண்டபத்திலே, அயலிலுள்ள பிள்ளைகள் பதினைந்து இருபது பேருக்குச் சனிக்கிழமைதோறும் நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன் என்பதை இப்பகுதியைத் தொடர்ந்து வாசித்து வரும் நேயர்கள் அறிவார்கள். வகுப்பு முடிந்துவிட்டது. பிள்ளைகள் வாசலில் நின்று கூரைத் தண்ணீரைக் கையில் ஏந்தி விளையாடிக் கொண்டிருந்தனர். சின்னஞ்சிறுவர்களுக்கு எழுத்துப் பழக்குவதில் எனக்குத் துணை புரியும் மாணவி ஒருத்தி, மூலையில் இருந்து ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக் கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வட்டமும் கோடும் சதுரமுமாக, கோலம் போடுவதற்கு இட்ட புள்ளிகளைப் போல ஏதோ தெரிந்தது.

"இது என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"கொரிய எழுத்து, சேர்" என்றாள்.

அவள் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள். தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையிலே கணக்கு எழுதுகிறார். அவள் களனிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 1875 ஆம் ஆண்டிலே வித்தியாலங்காரப் பிரிவேனாவாகத் தொடங்கி, 1959 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்தக் கலைக்கூடத்தில் இன்று கொரிய மொழியும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. பாளியும் வடமொழியும் ஒலித்த இடத்தில் கொரிய மொழி ஒலிப்பது காலத்தின் கோலம் என்று நான் எண்ணிக் கொண்டிருக்கையில், அவள் சற்றுத் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், நான் கொரியாவுக்குப் போய் ஆங்கிலம் படிப்பிக்க ஏலுமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. மழை விடும் வரையில் பேசினோம். அன்றிரவு வெள்ளவத்தைக்குத் திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ஆதலால் இவ்வாரம் அதனையே எழுதத் துணிந்தேன்.

முதலில், கொரியாவிலே ஆங்கிலத்துக்கு உள்ள மதிப்பைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அந்நாட்டிலே பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை நடைபெறும். ஏறத்தாழ 5 இலட்சம் மாணவர்கள் எழுதுகின்றனர். அன்று பங்குச் சந்தை ஒரு மணி நேரம் பிந்தித் திறக்கப்படும். நேரம் தவறிய மாணவனைப் பொலிசார் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு பரீட்சை மண்டபத்தில் விடுவார்கள். இவற்றிலும் வியப்பு யாதெனில், ஆங்கிலத்தைக் காதாற் கேட்டு விடையெழுதும் பகுதி நடக்கும் சுமார் 35 நிமிட நேரம், நாடு முழுவதிலும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. மாணவர் செவியில் இரைச்சல் விழலாகாதாம்! நம் ஊரிலோ பரீட்சைக் காலத்தில் அயல் வீட்டு ஒலிபெருக்கியை நிறுத்துவதற்கே நாம் பெரும்பாடு பட வேண்டியிருக்கிறது.

இத்தகைய நாட்டில் ஆங்கில ஆசிரியருக்குக் கிராக்கி இருப்பதில் வியப்பில்லை. 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் கல்வி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உள்ளன. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே செல்வார்கள். அரசாங்கமும் 1995 ஆம் ஆண்டு முதலாக ஒரு திட்டம் வகுத்து, வெளிநாட்டிலிருந்து ஆங்கில ஆசிரியர்களை அழைத்துப் பொதுப் பள்ளிகளில் அமர்த்தி வருகின்றது. பட்டதாரியாக இருந்தாற் போதும், ஓராண்டு ஒப்பந்தத்தில் சம்பளமும் தங்குமிடமும் கிடைக்கும். ஒன்றிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்து, நாலு காசு சேர்த்துக் கொண்டு, கதைகள் பலவற்றோடு ஊர் திரும்பிய இளைஞர்கள் மேல்நாடுகளிலே ஆயிரக்கணக்கில் இருக்கின்றார்கள்.

ஆனால் நமது மாணவிக்கு அந்தக் கதவு நேராகத் திறக்கவில்லை. ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று வழங்கப்படும் விசாவைக் கொரியா ஏழு நாட்டாருக்கே ஒதுக்கி வைத்திருக்கின்றது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்பன அவை. 2010 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த ஒரு பொருளாதார ஒப்பந்தத்தினால், ஆசிரியத் தகைமை பெற்ற இந்தியரும் துணை ஆங்கில ஆசிரியராகச் செல்ல வழி பிறந்தது. இலங்கையர் அந்தப் பட்டியலில் இல்லை. நாம் கொரியாவுக்குப் போகாதவர்களா என்றால், போகின்றோம். 2004 ஆம் ஆண்டிலே கொரியா தொழிலாளரை அழைக்கத் தொடங்கியபோது முதலில் ஒப்பமிட்ட ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொரிய மொழிப் பரீட்சையிலே தேறி, தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் மீன்பிடிக் கலங்களுக்கும் நம் இளைஞர்கள் செல்கின்றார்கள். நம் கையும் தோளும் அங்கே விலை போகின்றன. நாவுக்கு மட்டும் இன்னும் விலை பேசப்படவில்லை.

இதைக் கேட்டு அவள் முகம் வாடிற்று. "அப்ப, கொரிய மொழி படிச்சு என்ன பலன், சேர்?" என்றாள்.

நிற்க. ஆங்கிலம் கற்பிக்கவென்று கொரியாவுக்கு முதன்முதலிற் சென்றவர்களுள் ஒருவருடைய வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவருக்கும் தமிழுக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு.

ஹோமர் ஹல்பெர்ட் என்பவர் அமெரிக்காவில் வெர்மொண்ட் மாநிலத்திலே 1863 இல் பிறந்தவர். கொரிய அரசர் தம் நாட்டுப் பிரபுக்களின் புதல்வர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஒரு பள்ளியை 1886 இல் திறந்தார். அதற்கு அழைக்கப்பட்ட மூன்று அமெரிக்க இளைஞர்களுள் ஹல்பெர்ட்டும் ஒருவர். வயதோ இருபத்துமூன்று. வந்தவர் தமது ஆங்கிலத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சம்பளத்தை எண்ணிக் கொண்டிருக்கவில்லை. அந்நாட்டு மொழியைக் கற்கத் தொடங்கினார்.

அங்கே ஒரு புதுமையைக் கண்டார். கொரியருக்கென்று மிக எளிய, ஒலிக்கு ஒத்த எழுத்து முறை ஒன்று இருந்தது. சேஜொங் என்னும் மன்னர் 1443 இல் வகுத்து, 1446 இல் நாட்டுக்கு அளித்தது அது. அப்படியிருந்தும் கற்றோர் அதனைப் பெண்களுக்கும் பாமரருக்கும் உரியதென்று இகழ்ந்து, சீன எழுத்தையே போற்றி வந்தனர். ஆங்கிலம் கற்பிக்க வந்த இந்த அந்நியரோ, சில ஆண்டுகளுக்குள் அந்த இகழப்பட்ட எழுத்திலேயே உலகப் பூகோளப் பாடநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். 'உங்கள் வீட்டுப் பெட்டியிலே பொன் கிடக்கிறதே, பாருங்கள்' என்று வந்த விருந்தாளி எடுத்துக் காட்டியது போலாயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் வெளியிட்டார். ஹல்பெர்ட் 1905 இல், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலை வெளியிட்டார். கொரியர் தந்தையை 'அப்பா' என்கின்றனர். தாயை அழைக்கும் சொல் ஏறக்குறைய நமது 'அம்மா'வே. 'நா' என்றால் நான். 'புல்' என்றால் புல்லே. 'நல்' என்றால் நாள். சொற்றொடரிலே வினை இறுதியில் வருவதும் நம்மைப் போலத்தான். இவற்றை வைத்துக் கொரியரும் தமிழரும் ஒரு குலத்தவர் என்று சில நண்பர்கள் மேடையேறி முழங்குவதுண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். தாய் தந்தையரை அழைக்கும் சொற்கள் குழந்தையின் வாயில் எளிதில் வரும் ஒலிகளால் ஆனவை; உலகெங்கும் ஒத்திருக்கக் காணலாம். இரு மொழிகளும் ஒரு வயிற்றில் பிறந்தவை என்பதை இன்றைய மொழிநூலறிஞர் ஏற்கவில்லை. ஹல்பெர்ட்டின் முடிபு பிழைத்திருக்கலாம். ஆயினும் தாம் காணாத தமிழ் நிலத்தின் மொழியையும் தாம் வாழ வந்த கொரியாவின் மொழியையும் அருகருகே வைத்து ஆராயும் அளவுக்கு அவர் காது திறந்திருந்தது.

அவர் கதை அத்துடன் முடியவில்லை. 1905 இல் யப்பான் கொரியாவைத் தன் ஆதிக்கத்துட் கொண்டுவர முற்பட்டபோது, கொரியப் பேரரசர் அமெரிக்க அரசாங்கத்தின் உதவியை வேண்டி ஒரு கடிதம் எழுதி, அதனை இந்த ஆங்கில ஆசிரியரின் கையிலேதான் கொடுத்தனுப்பினார். கடிதம் பயன் தரவில்லை. 1907 இல் ஹேக் நகரத்து உலக மகாநாட்டிலும் கொரியாவின் வழக்கை எடுத்துரைக்க அவர் துணை நின்றார். அதன் பின் அவர் அங்கே வாழ முடியாமற் போயிற்று. தாய்நாடு திரும்பி, நாற்பது ஆண்டுகளாகக் கொரியாவின் விடுதலைக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். நாடு விடுதலை பெற்ற பின், 1949 இல், எண்பத்தாறாவது வயதில், அந்நாட்டின் அழைப்பை ஏற்றுக் கப்பலேறினார். வந்து சேர்ந்து ஒரு வாரத்துள் உயிர் நீத்தார். இங்கிலாந்திலே மன்னரும் புலவரும் துயிலும் பேராலயத்தில் அடக்கம் பெறுவதிலும் கொரிய மண்ணில் அடக்கம் பெறுவதையே தாம் விரும்புவதாக அவர் கூறியிருந்தார். அவ்விருப்பத்தின்படியே சியோல் நகரில் ஹான் ஆற்றங்கரையை அடுத்த இடுகாட்டில் அவர் உறங்குகின்றார்.

இதைப் போன்ற ஒரு வரலாறு நமக்கும் அந்நியமன்று. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் கற்றார். மேலைநாட்டு வைத்தியத்தை நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். 1873 இல் தம் ஊருக்குத் திரும்பி, 1884 இல் அங்கே காலமானார். தம்மைத் தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்றே கல்லறையிற் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒருவர் போன நாட்டிலே அடக்கமானார். மற்றவர் பிறந்த நாட்டிலே அடக்கமாகியும் போன நாட்டின் பெயரைக் கல்லில் சுமந்தார். கொடுக்கப் போன இடத்தில் இருவரும் முதலிலே வாங்கிக் கொண்டார்கள்.

நம்மவரும் ஆங்கிலத்தைக் கையிலெடுத்துக் கடல் கடந்தவர்களே. நம் பாட்டன்மார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போனார்கள். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தோர் பலர். பள்ளிகளிற் படிப்பித்தோர் சிலர். நம் தந்தைமார் காலத்தில் எதியோப்பியா, சாம்பியா, நைஜீரியா என்று ஆபிரிக்காவுக்குப் போனார்கள். நைஜீரியா 1976 இல் யாவர்க்கும் ஆரம்பக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, எண்ணெய்ப் பணமும் அங்கே பெருகியிருந்தது, ஆசிரியருக்குத் தட்டுப்பாடு. எனது தாய்மாமன் ஒருவரும் அப்படிப் போனவர். கொட்டாஞ்சேனையில் அவர் கட்டிய மாடி வீட்டைக் காட்டி, "இது நைஜீரியா வீடு" என்று அயலார் சொல்வதை நான் சிறுவயதிற் கேட்டதுண்டு. அங்கே அவர் கற்பித்த பிள்ளைகளின் மொழியில் ஒரு சொல்லேனும் அவர் சொல்லக் கேட்டதில்லை. "அவங்கட பாஷை நமக்கென்னத்துக்கு?" என்பார். வீடு இன்றும் நிற்கின்றது.

நானும் போனவன்தான். இதனை இப்பகுதியில் இதுவரை எழுதவில்லை. எழுதாமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

2009 ஆம் ஆண்டு. தங்கையின் விவாகத்துக்காக வீட்டின் மீது வாங்கிய கடன் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மாலைதீவிலே ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. மாலைதீவு அரசாங்கம் 1961 அளவில் தலைநகர்ப் பள்ளிகளில் ஆங்கில மொழிமூலக் கல்வியைத் தொடங்கிய காலந்தொட்டு இலங்கை ஆசிரியர்கள் அங்கே சென்று வருகின்றனர். கொழும்பிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். கடிகாரத்தை அரைமணி பின்னுக்குத் திருப்பினாற் போதும். இவ்வளவு அண்மையிலுள்ள ஊரிலே தனிமை இருக்கக்கூடும் என்று நான் நினைக்கவேயில்லை.

தலைநகரிலிருந்து படகிற் போக வேண்டிய சிறு தீவு அது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்கப் பத்து நிமிடம். மரக்கறி உண்பவனாகிய எனக்கு முதலில் சோதனையாக வந்தது சாப்பாடு. காய்கறி வாரத்துக்கு ஒருமுறை படகில் வரும். கடல் கொந்தளித்தால் அதுவும் வராது. காலையில் மீனும் தேங்காயும் சேர்த்த 'மஸ்ஹுனி', பகலில் மீன் சாறு, மாலையிலும் மீன் கலந்த பலகாரம். நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி அந்தக் கடலிலிருந்து வருவதுதான். 'மஸ்' என்றால் அவர்கள் மொழியில் மீன். பருப்பும் சோறும் வைத்துச் சாப்பிடப் பழகிக் கொண்டேன். அது இஸ்லாமிய நாடு. பிற சமயத்தார் வெளிப்படையாக வழிபடும் வழக்கமில்லை. சிறு டப்பாவிலே கொண்டு போன திருநீற்றை அறைக்குள்ளே பூசிக் கும்பிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போவேன். அந்தத் தீபாவளியன்று அறையில் தனியே இருந்து, கைத்தொலைபேசியில் அம்மாவின் குரலைக் கேட்டேன். பொன்னம்பலவாணேசர் கோயில் மணியோசை கேட்கிறதா என்று அம்மா தொலைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். எனக்குக் கேட்டது வாகன இரைச்சல்தான். கேட்கிறது என்றேன்.

முதல் ஆறு மாதம் நான் என் மாமனைப் போலவே இருந்தேன். பாடத்தைச் சொல்வேன், மணி அடித்ததும் அறைக்குத் திரும்புவேன், நாட்காட்டியிலே நாளைக் கிழிப்பேன். பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். ஆங்கிலம் மட்டும் அவர்கள் வாயில் ஏறவில்லை. ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆங்கில வாக்கியத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக எழுதி வந்து காட்டினான். நான் கோபித்தேன். அவன் அழவில்லை, தன் தாய்மொழிக் கொப்பியைக் கொண்டு வந்து என் முன் வைத்தான். அவர்களது 'தானா' எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. எனக்கு அது ஒரு தகவலாகத் தெரியும். ஒரு பிள்ளையின் கைப்பழக்கமாகத் தெரியாது. அன்று மாலை அவனையே எனக்கு ஆசிரியனாக்கிக் கொண்டேன்.

அந்த எழுத்திலே ஓர் அதிசயம். அதன் முதல் ஒன்பது எழுத்துக்கள் அரபு இலக்கங்களிலிருந்தும், அடுத்த ஒன்பது அவர்களுடைய பழைய இலக்கங்களிலிருந்தும் பிறந்தவை. எண்ணே எழுத்தாகிய மொழி! எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்று ஓதி வளர்ந்த நான் அதைக் கேட்டுக் களித்தேன். என் கை இடப்பக்கமாக நகர மறுத்தபோது அந்தப் பையன் சிரித்தான். அப்போதுதான் அவன் பட்ட பாடு எனக்கு விளங்கிற்று. நான் அவர்கள் மொழியிலே தடுமாறத் தொடங்கிய நாள் முதல், அவர்கள் என் மொழியில் துணிந்து தடுமாறினார்கள். ஆண்டிறுதியில் வகுப்பு முழுவதும் பேசிற்று. பிழையோடுதான்; ஆனால் பேசிற்று. ஆசிரியப் பயிற்சியில் நான் கல்லாத பாடம் அது.

இரண்டு ஆண்டுகள் முடிந்து, 2011 இல் கடனைத் தீர்க்கும் அளவுக்குப் பணத்துடன் திரும்பினேன். இது வரையில் நல்ல கதை. இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

நான் புறப்பட்டது தவணையின் நடுவில். நான் படிப்பித்து வந்த பத்தாம் ஆண்டு வகுப்புக்கு எனக்குப் பதிலாக ஒருவர் வருவார் என்றார்கள். வரவில்லை. இரண்டு தவணைகளுக்கு மேல் அப்பிள்ளைகள் ஆங்கில பாட வேளையில் சும்மா இருந்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். திரும்பி வந்த சில ஆண்டுகளின் பின், வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு கடையிலே சாமான் வாங்கினேன். மூட்டையைத் தூக்கி முச்சக்கர வண்டியில் வைத்த இளைஞன், "சேர், என்னைத் தெரியுதா?" என்றான். அந்த வகுப்பிலே காது கூர்மையான பையன். ஒருமுறை கேட்ட ஆங்கிலச் சொல்லைப் பிசகாமல் திருப்பிச் சொல்வான். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலம் தவறிவிட்டதாம். ஓட்டல் ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்குப் போய்ப் பேசத் தெரியாமல் திரும்பினானாம்.

குறை கூறும் தொனியே அவனிடம் இல்லை. "செயப்பாட்டுவினைப் பாடம் நடக்கேக்க போனீங்கள், சேர். நீங்கள் திரும்பி வருவீங்கள் எண்டு கொப்பியில அந்தப் பக்கத்தை மடிச்சு வைச்சிருந்தன்" என்று சிரித்தான்.

வண்டி புறப்பட்டுவிட்டது. அந்த மடித்த பக்கம் இன்றளவும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஒரு தீவிலே இருபது பிள்ளைகளைப் பேச வைத்தேன். என் ஊரிலே ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டேன். கடன் தீர்ந்தது உண்மை. தங்கை நன்றாக வாழ்கிறாள், அதுவும் உண்மை. ஆயினும் இந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. சனிக்கிழமைகளில் களனிக்கு நான் ஏன் போகிறேன் என்று சில நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். விடை இதுதான்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அரசாங்க ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கமே வழி திறந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. ஆசிரியர் பலர் போனார்கள். அவர்களிற் பலர் என் நண்பர்கள். போனவரைப் பழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பசித்த வீட்டுக்குக் கடமையைப் போதிப்பது எளிது. அரிசி வாங்கிக் கொடுப்பது அரிது. எனினும் ஒன்று சொல்வேன். போகும் ஆசிரியர் தம் கதிரைக்கு அடுத்து யார் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். அனுப்பும் அதிகாரிகளும் அக்கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். வெற்றிடத்தை நிரப்புவது போகிறவரின் வேலையன்று என்பது சட்டப்படி சரிதான். ஆனால் சட்டம் அந்தப் பையனின் கொப்பியைத் திறந்து பார்க்காது.

மாணவியின் கதைக்குத் திரும்புவோம். கொரிய மொழி கற்பதில் என்ன பலன் என்று அவள் கேட்டாளல்லவா? ஆங்கிலம் கற்பிக்கும் அந்த வாசல் நமக்கு அடைத்திருந்தாலும், மேற்படிப்புக்குச் செல்லும் வாசல் உண்டு. கொரிய அரசாங்கம் அந்நிய மாணவருக்குப் புலமைப் பரிசில் வழங்கி வருகின்றது. அப்படிப் போய், அவர்கள் மொழியிலே தேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகவோ ஆசிரியையாகவோ திரும்பலாம். இங்கே கொரியத் தொழிலுக்காகப் பரீட்சை எழுதும் இளைஞர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அவர்களுக்குத் தமிழிலே விளக்கிச் சொல்லிக் கொரிய மொழி படிப்பிக்க ஒருவர் வேண்டாமா? இதையெல்லாம் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக் கொண்டாள்.

ஞாயிறு காலையில் அவள் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், நீங்கள் சொன்னால்தான் அவள் கேட்பாள். பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனிய விடலாமா? வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். குரலிலே அழுகை இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. என் அம்மா யன்னலுக்கு வெளியே நீட்டிய தொலைபேசி என் நினைவுக்கு வந்தது.

உண்மையைச் சொல்வதானால், 'வேண்டாம்' என்று சொல்வது எனக்கும் வசதியாகவே இருந்திருக்கும். அவள் போய்விட்டால் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு எனக்குத் தனிச் சுமை. சற்று நேரம் பேசாதிருந்தேன். பின்னர், "அக்கா, நான் போய் வந்தவன். போகாதே எண்டு எந்த வாயால சொல்ல? போகட்டும். ஆனால் போகிற இடத்தையும் திரும்பி வருகிற இடத்தையும் அவள் தெரிஞ்சு கொண்டு போகட்டும்" என்றேன். அவர் சம்மதித்தாரென்று சொல்வதற்கில்லை. "பாப்பம், மாஸ்டர்" என்று வைத்துவிட்டார்.

வெளிநாடு செல்ல எண்ணும் மாணவச் செல்வங்களுக்கு அன்று அவளிடம் சொன்னதையே சொல்லி முடிக்கிறேன். போகுமுன் சட்டத்தையும் விசா விதிகளையும் நீங்களே வாசியுங்கள். தரகரின் வாய்ச்சொல்லை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். போன இடத்தில் அவர்கள் மொழியைக் கற்றுக் கொள்ளுங்கள். கற்பிக்கப் போனாலும் முதலில் மாணாக்கராக உட்காருங்கள். புறப்படும்போது உங்கள் வேலையை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

நேற்றுச் சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனபோது, அவள் எனக்கு முன்னரே வந்திருந்தாள். பக்கத்தில் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர். எழுத்துப் பழக்கும் முறையை அவர்களுக்குக் காட்டிக் கொண்டிருந்தாள். "இப்பவே பழக்கி வைச்சால் நல்லது, சேர். புலமைப் பரிசில் கிடைக்குமோ இல்லையோ" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, பெரிய பிள்ளைகளுக்குச் செயப்பாட்டுவினைப் பாடத்தைத் தொடங்கினேன்.